பேர் சொல்லத் தேவையில்லை

மக்ரீனாவிடம் யாராவது பேர் கேட்டால் ஒரு சொல்லோடு நிறுத்தமாட்டாள். "மக்ரீனா வெந்தூரா. அவுரேலியோ வெந்தூராவோட மக. வஹாக்கா மாநிலம், யுகுந்தா ஊரு, மேலத்தெரு" என்று முழுக்க ஒப்பித்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். சோள ரொட்டிக் கடையில் கேட்டாலும் இதே பாட்டுதான். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண் ஒருமுறை, "அம்மா, நான் உங்களைப் பொண்ணு பார்க்க வரல, பேரு மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டாள். மக்ரீனா அசரவில்லை.

"பேருன்னா இவ்வளவும் சேந்ததுதான் தாயி" என்றாள்.

யுகுந்தாக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். ஊர்க் கூட்டத்தில் வாயைத் திறக்கிறவன் முதலில் எழுந்து நிற்கவேண்டும், தொப்பியைக் கழற்றவேண்டும், தன் பேரும் தகப்பன் பேரும் தெருவும் சொல்லவேண்டும். அதற்கப்புறம்தான் விஷயம். பேர் சொல்லாமல் பேசுகிறவன் பொறாமைக்காரன், இல்லாவிட்டால் சூனியம் வைக்கிறவன். ஒருமுறை பஞ்சாயத்துக் கதவில் எவனோ கையெழுத்தில்லாத காகிதம் ஒட்டிவிட்டுப் போனான். தலையாரி திருடுகிறான் என்று அதில் எழுதியிருந்ததாகப் பேச்சு. அதைப் படித்துப் பார்த்தவர் யாருமில்லை. பெரியவர்கள் அதைப் படிக்காமலே அடுப்பில் போட்டுவிட்டார்கள். தலையாரி திருடியது நிஜம்தான் என்பது ஊருக்கே தெரியும், அது வேறு விஷயம்.

இந்த வளர்ப்போடுதான் மக்ரீனா சிறுமியாக, நாட்டின் வடக்கு எல்லைக்குப் பக்கத்தில் தோட்டங்கள் நிறைந்த சான் கிந்தீன் பள்ளத்தாக்குக்குக் கூலி வேலைக்கு வந்து சேர்ந்தாள். முதலில் தக்காளி பறித்தாள். தக்காளி போய் ஸ்ட்ராபெரி வந்தது, அதையும் பறித்தாள். கல்யாணம் ஆனது, இரண்டு பையன்கள் பிறந்தார்கள், பழப்பெட்டிக்குள்ளேயே தூங்கி வளர்ந்தார்கள். புருஷன் கிறிஸ்பீன் எல்லை தாண்டி வடக்கே போனான், பையன்களும் பின்னாலேயே போனார்கள். பண்டிகைக்குப் பண்டிகை போன் வரும். சில மாதம் முன்பு கிறிஸ்பீனின் தம்பியும் போய்விட்டான், போகும்போது இளம் பெண்டாட்டியை அண்ணியிடம் விட்டுவிட்டுப் போனான். அவள் பேர் செனாய்தா. ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்று நினைப்பீர்கள். இவர்கள் அப்படி இல்லை. கங்காணி ரொசெந்தோ வாடகைக்கு எடுத்து ஆட்களை அடைத்து வைத்திருந்த லயத்தில் ஒரே அறையில் இருந்தார்கள், ஒரே சட்டியில் அவரை வேகவைத்துத் தின்றார்கள், ஒரே போர்வைக்குள் தூங்கினார்கள். மக்ரீனாவுக்குப் பெண் பிள்ளை இல்லாத குறையை இவள் தீர்த்துவைத்தாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செனாய்தாவுக்கு ஏற்கனவே ஒன்று தங்காமல் போயிருந்தது. இப்போது மறுபடி ஐந்து மாதம். "இந்தத் தடவை ஒழுங்கா பெத்துக் குடுத்துருடி" என்று மக்ரீனா சொல்வாள். "நீங்க வேணா பெத்துக்கோங்க, நான் தாலாட்டுறேன்" என்பாள் அவள். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் மக்ரீனாவின் மனசெல்லாம் அந்த வயிற்றின்மேலேயே இருந்தது.

பயம் வெள்ளை பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் இருந்தது. ஸ்ட்ராபெரிச் செடிகள் அந்த நீளக் கூடாரங்களுக்குள்தான் வளர்கின்றன. மருந்து அடித்தால் வாசலில் சிவப்புக் கொடி நடுவார்கள். கொடி இருக்கிறவரை உள்ளே யாரும் போகக்கூடாது, மறுநாள் விடிந்துதான் எடுக்கவேண்டும். சட்டம் அது. ஆனால் வடக்கே விலை ஏறிவிட்டால் ரொசெந்தோவின் ஆட்கள் அடித்த அன்றைக்கே, வெயில் ஏறுவதற்கு முன்பே கொடியைப் பிடுங்கிவிடுவார்கள். இலையில் ஈரம்கூடக் காய்ந்திருக்காது. வெளியே வரும்போது கண் எரியும், நாக்கு மரத்துப்போகும். மற்றவர்கள் துப்பிவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்குவார்கள். செனாய்தா வரப்பில் உட்கார்ந்து குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பாள்.

மக்ரீனா ரொசெந்தோவிடம் போய் நின்றாள்.

"கங்காணி, இந்தப் புள்ளைய பழம் அடுக்குற கொட்டகைக்கு மாத்திவிடுங்க. மாசமா இருக்கா."

"மாசமா இருக்கறது என் தப்பா? புருஷன்கிட்ட கேளு."

"கொடியாவது நேரத்துக்கு எடுங்க."

"கொடி என்ன, சாமி சிலையா? தொட்டா கை வெந்துருமா? போ போ, வேலையைப் பாரு" என்றான். சுற்றி நின்ற அவன் ஆட்கள் ஈயென்று இளித்தார்கள்.

அதே வாரம் தோட்டத்துக்குச் சொந்தமான கம்பெனி அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து மனித உரிமை சொல்லிக்கொடுத்தது. ஆமாம், கம்பெனிக்கு ஒரு மனித உரிமைக் கொள்கை இருந்தது. பளபளவென்று புத்தகம், அட்டையில் ஒரு பெண் ஸ்ட்ராபெரியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். வெயிலில் ஒரு மணி நேரம் குனிந்தவள் எவளும் அப்படிச் சிரிக்கமாட்டாள். அதைச் சொல்லிக்கொடுக்கக் கம்பெனி அதிகாரி ஹிமெனா மேடம் தலைநகரிலிருந்து வந்திருந்தாள். நல்ல பெண்தான், சும்மா சொல்லக்கூடாது. கூலிக்காரர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள், மிளகாய் ஏறிக் கண்ணில் தண்ணீர் விட்டாள்.

"எங்க கம்பெனி மட்டுமில்ல, எங்களுக்கு ஆள் அனுப்புறவங்களும் இந்தக் கொள்கைக்குக் கட்டுப்பட்டவங்க" என்றாள் ஹிமெனா மேடம். "மீறினா துளிகூடப் பொறுத்துக்கமாட்டோம். இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க. பயப்படவே வேண்டாம், பேர் சொல்லத் தேவையில்லை."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கழிப்பறைக் கதவில் ஒட்டியிருந்தார்கள்.

அன்றைக்கு அறைக்கு வந்ததும் செனாய்தா சொன்னாள், "அக்கா, போன் பண்ணிருவோம். அந்த அம்மா சொன்ன மாதிரி பேர் சொல்லாம கொடி விஷயத்தை மட்டும் சொல்லிட்டு வச்சிருவோம்."

மக்ரீனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன், முகத்துல கரியைப் பூசிக்கிட்டுப் பேசலாமா? நாம என்ன திருடுனோமா? பேர் இல்லாத பேச்சை எவன்டி மதிப்பான்? குப்பையில போடுவான்."

"பேர் வேணாம்னு அவங்களேதானே சொல்றாங்க!"

"அவங்க சொல்வாங்க. மரியாதைக்குச் சொல்வாங்க. சாப்பிட்டுப் போங்கன்னு சொன்னா உடனே உக்காந்துருவியா? நாமதான் முறையா நடந்துக்கணும்."

சிறியவள் சொன்னதுதான் சரி. அவளுக்கு யுகுந்தா அவ்வளவாகத் தெரியாது, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், முதலாளிகளை மக்ரீனாவைவிட நன்றாக எடைபோட்டு வைத்திருந்தாள். ஆனால் மூத்தவளை எதிர்த்துப் பேசி ஜெயிக்கிற சாமர்த்தியம் அவளிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்தின் துணி துவைக்கிற கல்லைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ரொசெந்தோவின் கூட்டத்தில் இருந்த யுகுந்தாக்காரர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள், இருபதுக்கு மேல் இருக்கும். ஆண்கள் தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார்கள். ஊர்க் கூட்டத்துக்கு வருகிற மாதிரி. போனைக் கல்லின்மேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார்கள். மறுமுனையில் ஒரு பெண் குரல், வெல்லப்பாகாக இருந்தது.

"வணக்கம். உங்க புகார் ரகசியமா இருக்கும். நீங்க பேர் சொல்லத் தேவையில்லை."

மக்ரீனா கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "மக்ரீனா வெந்தூரா. அவுரேலியோ வெந்தூராவோட மக…"

"அம்மா, பேர் வேண்டாம்…"

"…யுகுந்தா ஊரு, மேலத்தெரு. இப்போ ரொசெந்தோ கங்காணி கூட்டத்துல பழம் பறிக்கிறேன்."

"அம்மா, பேர் இல்லாமயே பதிவு பண்ணலாம்."

"நீங்க பண்ணுவீங்கம்மா, உங்க நல்ல மனசு. எங்களுக்கு முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

அப்புறம் வரிசையாக வந்தார்கள். கிழவர் பிலெமோன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, தான் யுகுந்தா கோயில் திருவிழாவுக்கு எந்த வருஷம் மணியக்காரராக இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். "தாத்தா, அதெல்லாம் கேக்கல" என்று யாரோ முனக, "நீ சும்மா இரு, தெரிஞ்சுக்கட்டும்" என்றார். ஒருத்தி இடுப்பிலிருந்த கைக்குழந்தையின் பேரையும் சொன்னாள். மறுமுனைப் பெண் தோற்றுப்போய், கடைசியில் "மறுபடி சொல்லுங்க, எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. வந்ததிலிருந்து அந்த லயத்தில் அப்படிச் சந்தோஷமாக ஒரு ஞாயிறு கழிந்ததில்லை.

கடைசியில் செனாய்தா மட்டும் சுவரோரம் நின்றாள்.

"வாடி" என்றாள் மக்ரீனா.

"நான் வேணாம்க்கா."

"உனக்காகத்தானேடி இவ்வளவும். நீ சொல்லலேன்னா என்ன அர்த்தம்?"

அவள் வந்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு, கல்லுக்குக் குனிந்து, போனுக்கு எட்டுமோ எட்டாதோ என்கிற குரலில் பேரைச் சொன்னாள். மறுமுனை, "சத்தமா சொல்லுங்கம்மா, சரியா விழல" என்றது. மறுபடி சத்தமாகச் சொன்னாள். பிறகு மக்ரீனா கொடி விஷயத்தை ஆதியோடந்தமாக விளக்கினாள்.

சில வாரம் கழித்துத் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். அன்றைக்குப் பார்க்கவேண்டுமே! கழிப்பறையில் சோப்பு, குடிதண்ணீரில் ஐஸ், ஒவ்வொரு கூடாரத்து வாசலிலும் புத்தம்புதுக் கொடி. கல்யாண வீடு தோற்றது போங்கள். ஆனாலும் அவர்கள் தோண்டித் துருவி உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதுதான் இதில் பெரிய வேதனை. கண்டுபிடிக்காமல் போயிருந்தால் வழக்கம்போலத் திட்டிவிட்டுப் பிழைப்பைப் பார்த்திருக்கலாம்.

ஹிமெனா மேடம் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தாள். மக்ரீனாவைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்கம்மா. உங்க தைரியத்துக்கு நான் தலைவணங்குறேன். நீங்க சொன்னது அத்தனையும் உண்மைன்னு தெரிஞ்சுபோச்சு. சனிக்கிழமைக்கு அப்புறம் எங்க கம்பெனிக்கும் ரொசெந்தோவுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. முறிச்சுட்டோம்."

மக்ரீனாவுக்கு முதலில் நெஞ்சு குளிர்ந்தது. பிறகுதான் ஒரு சந்தேகம் தட்டியது. "அப்போ ஞாயித்துக்கிழமைலேருந்து எங்களுக்கு யாரு மேடம் கங்காணி?"

ஹிமெனா மேடம் கொஞ்சம் தடுமாறினாள். "நீங்க… நீங்க ரொசெந்தோவோட ஆளுங்க. எங்க கம்பெனி ஆளுங்க இல்லையே."

"பறிச்சது உங்க பழம்தானே?"

"அது சரி. ஆனா வேலை குடுத்தது அவர். கொள்கைப்படி, மீறுறவங்களோட நாங்க தொடர்பு வச்சுக்கக்கூடாது."

"எங்களோடயுமா?"

ஹிமெனா மேடம் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினாள். அதில் இதற்கெல்லாம் பக்கம் இருக்குமா என்ன? "நான் மேல பேசிப் பார்க்கிறேன்" என்றாள். நிஜமாகவே பேசியும் இருப்பாள்.

"லயமும் அவன் வாடகைக்கு எடுத்தது. எங்கே போவோம்?" என்று மக்ரீனா கேட்டாள். பிறகு, "எங்க பேரெல்லாம் அவனுக்குத் தெரியுமா மேடம்?" என்றாள்.

"விசாரணைன்னா ரெண்டு பக்கமும் கேக்கணுமில்லையா? உங்க புகாரை அவருக்கும் அனுப்பினாங்க."

"பேரோடயா?"

"பேரை நீங்களாத்தானே குடுத்தீங்க? மறைச்சு வைங்கன்னு யாரும் சொல்லலையேம்மா."

பழியைத் தள்ளிவிடுகிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை கூலி கொடுக்கிற இடத்தில் ரொசெந்தோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கோபமே இல்லை. ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டான். தகப்பன் பேரோடு, தெருவோடு கூப்பிட்டான். பிலெமோன் முறை வந்தபோது எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, "கோயில் மணியக்காரர் ஐயா வரலாம்" என்றான். அவன் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிழவர் பணத்தை எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு நகர்ந்தார்.

"எனக்கு எவ்வளவு வேலை மிச்சம் பாரு மக்ரீனா" என்றான் ரொசெந்தோ. "எவன் சொன்னான், எவ சொன்னான்னு நான் தேடி அலைய வேண்டியதில்ல. பள்ளத்தாக்குல இருக்கற எல்லாக் கங்காணிக்கும் சொல்லியாச்சு. இனி எந்த பஸ்ல ஏறுறீங்கன்னு பார்க்கிறேன்."

ஏறமுடியவில்லை. விடியலில் சாலையோரம் நிற்பார்கள், மஞ்சள் பஸ் வரும், ஏறுகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்பார்கள், பேரைப் பார்ப்பார்கள், "இடமில்ல" என்பார்கள். பாதி காலியான பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். கூட்டம் சிதறியது. பிலெமோன் ஊருக்குப் போய்விட்டார். மக்ரீனாவும் செனாய்தாவும் ஓடைக்கரையில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தார்கள். மக்ரீனா துணி துவைத்தாள், இறைச்சிக் கடையில் தரை கழுவினாள்.

செனாய்தா ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்குப் போனாள். தெற்கே வெங்காயக் காடு, அட்டையும் கேட்கமாட்டான், கொள்கையும் கிடையாது, கொடியே கிடையாது. மருந்து அடிக்கிறவன் முன்னால் போவான், பிடுங்குகிறவர்கள் பின்னால் போவார்கள்.

"இனிமே போகாதேடி, உன் கால்ல விழறேன்" என்றாள் மக்ரீனா.

"அப்போ என்னத்தத் திங்கறது? பேரைத் தின்னுவோமா?"

ஏழாம் மாதத்தில் பிரசவம் ஆனது. பெண். கொஞ்ச நேரம் பூனைக்குட்டி மாதிரி முனகியது, பிறகு அதுவும் இல்லை. மருந்தா, பட்டினியா, எதனால் என்று கேட்டதற்கு டாக்டர், "எதனாலயும் இருக்கலாம்" என்று உதட்டைப் பிதுக்கினார். புதைக்கும்போது சிலுவையில் எழுதப் பேர் கேட்டார்கள். மக்ரீனா வாயைத் திறந்தாள்.

"வேணாம்" என்றாள் செனாய்தா. "எம்மவளுக்குப் பேர் வேணாம். நீ சும்மா இரு."

அதுவரை மூத்தவளை 'நீ' என்று அவள் சொன்னதே இல்லை. அதற்கப்புறம் அவளிடம் எதையுமே சொல்லவில்லை. ஒரு மாதம் அந்தத் தார்ப்பாய்க்குள் இரண்டு பேரும் ஊமைகளாக இருந்தார்கள். பிறகு அவள் யாரோ ஒருத்தியின் கூட்டத்தோடு வடக்கே கிளம்பிவிட்டாள். மக்ரீனா சாலைவரை பின்னால் ஓடி, சோள ரொட்டிப் பொட்டலத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. மக்ரீனா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்கக் கதறினாள்.

அடுத்த பருவம் வந்தது. ரொசெந்தோவும் வந்தான். மச்சான் பேரில் புதுக் கம்பெனி, புதுப் பேர் எழுதிய அதே பஸ், அதே முதலாளி, அதே கூடாரங்கள். புதுக் கம்பெனியும் கொள்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்ததாம். பழைய பேர்களைத்தான் யாரும் மறக்கவில்லை.

மக்ரீனாவின் சித்தப்பா மகள் பிதென்சியா எல்லை தாண்டிப் போனபோது தன் அட்டையை விட்டுவிட்டுப் போயிருந்தாள். படத்தில் கிட்டத்தட்ட ஒரே சாடை. எப்படியும் எல்லாப் பெண்களும் தூசிக்கும் வெயிலுக்கும் முகத்தில் துணி சுற்றியிருப்பார்கள், கண் மட்டும்தான் தெரியும். மக்ரீனா பஸ்ஸில் ஏறும்போது ஆள் எடுக்கிறவன் புதியவன்.

"பேரு?"

"பிதென்சியா."

"முழுசா சொல்லும்மா."

"பிதென்சியா, அவ்வளவுதான்" என்றாள்.

ஒரு வாரத்தில் ஹிமெனா மேடம் வந்தாள். கூடாரங்களுக்கு நடுவே எல்லோரையும் உட்காரவைத்து அதே புத்தகத்தை விரித்தாள். இந்தத் தடவை யுகுந்தாக்காரர்கள் வீட்டில் பேசுகிற மிஸ்தேக் மொழியிலும் அச்சடித்திருந்தார்கள். நம்பர் சொன்னாள், பேர் சொல்லத் தேவையில்லை என்றாள். யுகுந்தாவிலிருந்து புதிதாக வந்த ஒரு இளம்பெண் எழுந்து நின்றாள். சட்டைக்குக் கீழே வயிறு லேசாகத் தெரிந்தது.

"மேடம், எங்க ஊர்ல பேர் சொல்லாம பேசினா பேச்சே இல்ல. பேரோட சொல்லலாமா?"

ஹிமெனா மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "சொல்லலாமே! போன வருஷம் உங்க ஊர்க்காரங்க வரிசையா நின்னு சொன்னாங்க. அவங்களாலதான் ஒரு மோசமான ஆளை இங்கேருந்து வெளியேத்தினோம்." கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். வயதில் பெரியவளாக, முன்வரிசையில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தவள்மேல் பார்வை நின்றது. "அம்மா, நீங்க அந்தப் பக்கத்துக்காரங்கதானே? அவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

வேலியோரம் ரொசெந்தோ சூரியகாந்தி விதை கொரித்துக்கொண்டு நின்றான். மேடத்துக்கு அவன் பேர்தான் தெரியும், முகம் தெரியாது.

"தெரியாது மேடம்" என்றாள் மக்ரீனா.

ஹிமெனா மேடம் வண்டியேறிப் போனாள். புழுதி அடங்குவதற்குள் ஒருவன் வந்து முன் கூடாரத்தின் கொடியைப் பிடுங்கி மண்ணைத் தட்டினான். காலையில்தான் அடித்திருந்தார்கள், வாசலிலேயே நெடி மூக்கைத் துளைத்தது. அந்த இளம்பெண் தயங்கி நின்று மக்ரீனாவின் கையைப் பிடித்தாள்.

"அத்தை, இப்போ உள்ள போகலாமா? நான் மாசமா இருக்கேன். அந்த நம்பருக்குச் சொல்லட்டுமா?"

மக்ரீனா அந்த வயிற்றைப் பார்த்தாள். வேலியோரம் நின்றவனையும் பார்த்தாள். கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"பேசாம வா புள்ள" என்று துணியை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, பெட்டியோடு உள்ளே குனிந்தாள்.